கொப்பு வைத்துவிட்டுப் போனவன்

கம்பத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு டயர் கடை இருக்கிறது. மலைக்குப் போகிற ஜீப்புகளில் பாதிக்கு மேல் என்னிடம்தான் பஞ்சர் ஒட்டும். எந்த டிரைவர் எப்படி ஓட்டுவான் என்பதை அவன் வாயைக் கேட்க வேண்டியதில்லை, டயரைப் பார்த்தால் போதும். தவசியின் டயர் நான்கும் ஒரே சீராகத் தேயும். வளைவில் வேகமாக வந்து பிரேக்கைப் போட்டு இழுக்கிற ஆள் அவன் இல்லை. டிரைவர்களில் எனக்கு மரியாதை இருக்கிற இரண்டு மூன்று பேரில் அவன் ஒருவன். அந்த மரியாதையோடுதான் இதைச் சொல்கிறேன், ஆனால் அவனுக்காக வக்காலத்து வாங்க வரவில்லை.

தவசி தொண்ணூற்றாறில் சொந்த ஜீப் எடுத்தான். வேலை, ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களைக் கம்பம்மெட்டு மலை வழியாகக் கேரளத்துக்குள் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவது. ஆர்.சி. புத்தகத்தில் எட்டுப் பேர் என்று எழுதியிருக்கும். பதினாலு பேர் ஏறுவார்கள், தூக்குச்சட்டிகள் தனி. காலை ஐந்தரைக்கு ஸ்டாண்டில் ஜீப்புகள் கிளம்ப ஆரம்பிக்கும். எட்டு மணிக்குத் தோட்டத்தில் சூப்பர்வைசர் பேர் எழுதுவார். எட்டு ஐந்துக்குப் போனால் எழுத மாட்டார். அவ்வளவு தூரம் போய் இறங்கியவள் வெறுங்கையோடு சாயங்காலம் வரைக்கும் ஜீப்புக்காகக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஆக அந்த மலையில் எல்லாருக்கும் கழுத்தில் கத்தி மாதிரி இருந்தது எட்டு மணி ஒன்றுதான். மலையைப் பற்றி யாருக்கும் அவ்வளவு பயம் கிடையாது.

பயப்பட வேண்டிய இடம் என்று ஒன்று இருந்தது. பாதி மலைக்கு மேல் ஊத்து வளைவு என்று சொல்வார்கள். ஒரு பக்கம் செங்குத்தாக மண்மேடு, மறுபக்கம் கிடுகிடு பள்ளம், நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு ரோடு. கால் கிலோமீட்டர் நீளம். அந்த நீளத்துக்கு வண்டி திருப்பவோ ஒதுங்கவோ இடமில்லை. மழைக்காலத்தில் மேட்டிலிருந்து கல்லும் மண்ணும் உருண்டு கிடக்கும். மேட்டின் நடுவில் ஒரு ஊற்று உண்டு. யாரோ புண்ணியவான் அதில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி வைத்திருந்தார். சித்திரை வெயிலிலும் அதில் தண்ணீர் விழும். ஜீப்காரர்கள் ரேடியேட்டருக்கு அங்கேதான் பிடிப்பார்கள்.

மழை பெய்த மறுநாள் காலையில் முதலில் போகிற வண்டிக்கு ஒரு கடமை இருந்தது. வளைவின் கீழ்முனையில் நின்று பார்த்து, வண்டியோடு தாண்டிப் போய், ரோடு சரியாக இருந்தால் டிரைவர் நடந்து திரும்பி வந்து கீழ்முனையின் கைப்பிடிச் சுவரில் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து வைக்க வேண்டும். காற்றில் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு கல். பின்னால் வருகிறவர்கள் கொப்பைப் பார்த்தால் நிற்காமல் போவார்கள். கொப்பு இல்லையென்றால் இறங்கி நடந்து பார்ப்பார்கள். யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியவில்லை, ஆனால் நல்ல ஏற்பாடு. கெடுத்தது நாம்தான். தாண்டிப் போய், நடந்து திரும்பி வந்து, மறுபடி ஏறி நடப்பது என்றால் பத்து நிமிஷம் போய்விடுகிறது. எட்டு மணி காத்திருக்காது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, கொப்பை முதலில் வைத்துவிட்டுப் பிறகு தாண்டுவது என்று வழக்கமாகிவிட்டது. பின்சீட்டில் இருக்கிற பெண் கையை நீட்டி வைத்துவிடுவாள், வண்டி நிற்கக்கூட வேண்டாம். அப்படி வைத்த கொப்புக்கு ஒரு அர்த்தமும் இல்லை. அது எல்லா டிரைவருக்கும் தெரியும், ஏனென்றால் தானும் முதல் வண்டியாகப் போகும்போது அப்படித்தான் வைத்தான். ஆனாலும் அடுத்தவன் வைத்த கொப்பைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தான்.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு கூத்து நடந்தது. நல்ல மழைக்குப் பிறகு ஒரு காலை. தவசி முதல் வண்டி. கீழ்முனையிலிருந்து பார்க்கிறான், குழாயில் தண்ணீர் விழவில்லை. அதற்கு நாலு வருஷம் முன்னால் வேறொரு மலைமடிப்பில் ஓடை திடீரென்று நின்றுபோய், மறுநாள் அந்த இடமே மண்ணாகச் சரிந்ததை அவன் கண்ணால் பார்த்திருந்தான். மழை பெய்தும் தண்ணீர் வெளியே வரவில்லையென்றால் மலைக்குள்ளே எங்கோ தேங்குகிறது, தேங்கினால் மண்ணைத் தள்ளிக்கொண்டுதான் வரும் என்பது அவன் கணக்கு. தப்பான கணக்கு இல்லை. ஜீப்பைக் குறுக்கே போட்டு, பின்னால் வந்த ஆறு வண்டிகளையும் திருப்பி அனுப்பினான். கிட்டத்தட்ட நூறு பெண்களுக்கு அன்று வேலை போச்சு. பத்து மணிக்கு ரோடு வேலைக்காரர்கள் மேட்டில் ஏறிப் பார்த்தால், குரங்குகள் குழாயைப் பிடுங்கிப் போட்டிருக்கின்றன. தண்ணீர் பாட்டுக்குப் பக்கத்து ஓடையில் போய்க்கொண்டிருக்கிறது.

பிறகு கேட்கவா வேண்டும்? ஸ்டாண்டில் அவன் வந்தாலே, "என்ன தவசி, கொரங்கெல்லாம் சௌக்கியமா?" என்பார்கள். டீக்கடையில் குழாயைத் திறந்துவிட்டு, "தண்ணி வருதுப்பா, பயப்படாம வா" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அவன் வண்டியில் போய்க்கொண்டிருந்த நாலு பெண்கள் விஜயபாண்டியின் ஜீப்புக்கு மாறினார்கள். விஜயபாண்டி தைரியசாலி என்று பேர் வாங்கியவன். அவன் டயரின் ஓரம் ஆறு மாதத்தில் தேய்ந்துவிடும்.

இப்போது இரண்டாயிரத்து ஐந்து, ஐப்பசி. மூன்று நாள் அடைமழை, நாலாம் நாள் விடியலில் கொஞ்சம் விட்டது. முதல் வண்டி தவசிதான். பத்து நிமிஷ இடைவெளியில் பின்னால் விஜயபாண்டி. தவசியின் வண்டியில் பதினாலு பேருக்கும் மேஸ்திரி மாதிரி இருந்தவள் சங்கிலியம்மாள், ஐம்பது வயசு, வாய் கொஞ்சம் நீளம். வளைவின் கீழ்முனைக்கு வந்தபோது மஞ்சு மூடியிருந்தது. முன்னால் இருபது அடிதான் தெரிகிறது. சங்கிலியம்மாள் பின்னாலிருந்து கையை நீட்டிக் கொப்பை வைத்தாள். வண்டி உள்ளே நுழைந்தது.

நடுவில் போகும்போது, கைக்கெட்டும் தூரத்தில் குழாயைப் பார்த்தான். சொட்டுத் தண்ணீர் இல்லை. குழாய் செருகினபடி அப்படியே இருந்தது.

பின்னால் எடுக்க முடியாது. முதல் கியரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டினான். மேல்முனையில் வண்டி ஒதுங்குகிற இடத்தில் நிறுத்தினான்.

"என்னப்பா நிறுத்திட்ட?" என்றாள் சங்கிலியம்மாள்.

"கொழாயில தண்ணி வரலக்கா."

வண்டிக்குள் பதினாலு பேரும் சிரித்தார்கள். "ஆத்தாடி, மறுபடியும் கொரங்கா?" என்றாள் ஒருத்தி.

"கொழா பிடுங்கல. அங்கனதான் இருக்கு. நான் போயி அந்தக் கொப்ப எடுத்துட்டு வந்துர்றேன்."

"போயி வர்றதுக்கு எம்புட்டு நேரமாகும்? இப்பவே மஞ்சுல ஊர்ந்து ஊர்ந்து வந்திருக்கோம். எட்டு மணி தாண்டுனா அந்த மனுசன் பேர் எழுத மாட்டாரு. மூணு நாளா மழைன்னு வீட்டுல கெடந்தோம். இன்னைக்கும் போச்சுன்னா அடுப்பு எரியாது, பாத்துக்க."

"பின்னால விஜயபாண்டி வர்றான்."

"அவனுக்குக் கண்ணு இல்லையா? நாம தாண்டலையா? எடுப்பா வண்டிய."

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தான். எவ்வளவு நேரம் என்று கேட்டால் அரை நிமிஷம் என்பான். பிறகு வண்டியை எடுத்தான்.

பல வருஷம் கழித்து அவனிடம் கேட்டேன், அந்த அரை நிமிஷத்தில் எதற்குப் பயந்தாய், தனியாக அந்த மேட்டுக்குக் கீழே நடக்கவா என்று. அதுவும் இருந்தது என்றான். ஆனால் பெரிய பயம், கொப்பை எடுத்து, விஜயபாண்டியை நிறுத்தி, மறுபடியும் ஒன்றும் விழாமல் போய்விட்டால் என்ன செய்வது என்பதுதானாம். மண் விழுமோ என்று பயந்ததைவிட, விழாமல் போய்விடுமோ என்று பயந்திருக்கிறான். ஸ்டாண்டில் அவனைக் குரங்கு சொல்லிச் சிரித்த சிரிப்பில் என் பங்கும் இருந்ததே.

விஜயபாண்டி வந்தான், கொப்பைப் பார்த்தான், வேகத்தைக் குறைக்காமல் நுழைந்தான். மேடு வந்து விழுந்தது. ஜீப்பின் பின்பாதியை மண் அள்ளிக்கொண்டு பள்ளத்துக்குப் போயிற்று. முன்பாதி கைப்பிடிச் சுவரில் மாட்டி நின்றது. மூன்று பெண்கள் செத்தார்கள். அதில் ஒருத்தி மெர்லின், இருபத்தோரு வயசு, ராயப்பன்பட்டியிலிருந்து கம்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஞானசெல்வியின் மூத்த மகள். தகப்பன் இல்லாத வீட்டில் சம்பாதித்துக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான்.

விஜயபாண்டிக்கு இடுப்பெலும்பு உடைந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒன்றையே சொன்னான். "கொப்பு இருந்துச்சுய்யா. கொப்பு வச்சிருந்தாக." விசாரிக்க வந்த அதிகாரி தவசியையும் கூப்பிட்டுக் கேட்டார். தாண்டும்போது ஏதாவது வித்தியாசமாகத் தெரிந்ததா? மஞ்சு மூடியிருந்துச்சுங்க, ஒண்ணும் தெரியல என்றான். சங்கிலியம்மாள் பக்கத்தில் நின்றாள், வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊரில் பதினாலு பேருக்குத் தெரிந்த சமாச்சாரம் சாயங்காலத்துக்குள் உத்தமபாளையம் வரைக்கும் போய்விடும். இது போகவில்லை. பதினாலு பேரும் சிரித்திருந்தார்கள் அல்லவா? ஊர் முழுக்க ஒரே பேச்சு, மலை விழுந்ததற்கு யாரைக் குறை சொல்வது, தவசி நல்ல நேரம் தாண்டிவிட்டான் என்று.

ரோட்டைச் சரிசெய்ய இரண்டரை மாதம் ஆயிற்று. தை மாதம் திறந்தார்கள். முதல் நாளே தவசி கீழ்முனையில் ஜீப்பை நிறுத்தி, எல்லாரும் இறங்குங்கள் என்றான். இருபது அடிக்கு ஒரு ஆள் வீதம் தனித்தனியாக நடந்து தாண்ட வேண்டும். யாரும் யாரோடும் பேசிக்கொண்டு சேர்ந்து போகக்கூடாது. கடைசி ஆள் மேல்முனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு வெறும் வண்டியை அவன் ஓட்டி வருவான்.

"எதுக்குப்பா இந்தச் சோலி?"

"விழுந்தா ஒருத்தரோட போகும்ல."

"யாரு அந்த ஒருத்தி?"

அவன் முதல் ஆளை நடக்கச் சொல்லிக் கையைக் காட்டினான். மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதே கதைதான். நேரத்தை ஈடுகட்ட ஐந்தரைக்குப் பதிலாக ஐந்து மணிக்குக் கிளம்பினான். யார் வைத்த கொப்பையும் சுவரில் பார்த்தால் எடுத்துப் பள்ளத்தில் வீசினான். மற்ற டிரைவர்கள் ஒருநாள் அவன் சட்டையைப் பிடித்தார்கள், வீசுவதை அவன் விடவில்லை. பதினாலு பேர் நாலு பேராகக் குறைந்தார்கள். முதலில் போனவள் சங்கிலியம்மாள். முழங்கால் வலி, நடக்க முடியாது என்று காரணம் சொன்னாள். அவள் கடலைக்காடு முழுக்க நடந்து களை எடுக்கிறவள், முழங்காலில் ஒரு கோளாறும் கிடையாது.

அந்த ஆடியில் ஞானசெல்வி ஸ்டாண்டுக்கு வந்தாள். மகள் போன பிறகு தானே காய் எடுக்கப் போக வேண்டிய நிலைமை. வரிசையாக நின்ற ஜீப்புகளைப் பார்த்துவிட்டு நேரே தவசியிடம் போனாள்.

"தம்பி, ஒங்க வண்டியில ஒரு எடம் வேணும். அன்னைக்குப் பத்திரமாத் தாண்டுன வண்டி இதுதான்னு சொன்னாக. ஒங்க கை நல்ல கை."

தவசி முன்சீட்டைத் துடைத்துக் கொடுத்தான். அன்று மத்தியானம் என் கடையில் வந்து உட்கார்ந்தான். பஞ்சர் எதுவும் இல்லை. என்னவென்று கேட்டதும் முதல் தடவையாக முழுவதையும் சொன்னான். சொல்லிவிடு என்றேன். சொன்னா அந்தம்மா செத்துரும்ணே என்றான். சொல்லாட்டி நீ செத்துருவ என்றேன். பெரிய வார்த்தை பேசிவிட்டேன் என்று எனக்கே கூச்சமாக இருந்தது. ஆனால் ஆளைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. சாப்பாடு இறங்காமல் கன்னம் ஒட்டிப் போயிருந்தான்.

மூன்று மாதம் அவன் சொல்லவில்லை. அவள் தினமும் முன்சீட்டில் உட்கார்ந்து மகளைப் பற்றிப் பேசுவாளாம். பத்தாம் வகுப்பில் கணக்கில் எத்தனை மார்க், கோயில் பாட்டுக்குழுவில் எந்தப் பாட்டுக்கு அவள் குரல் தனியாகக் கேட்கும், இப்படி. இறங்கி நடக்கச் சொன்னால் முணுமுணுக்காமல் நடந்த ஒரே ஆள் அவள்தான். கல்லறைத் திருநாளுக்கு இரண்டு நாள் முன்னால் சொன்னாள்.

"ரெண்டாந்தேதி சாயங்காலம் கல்லறைக்கு நீங்களும் வரணும் தம்பி. அவளுக்கு முன்னால அந்த ரோட்டுல கடைசியாப் போனவுக நீங்கதான். ஒங்க கையால ஒரு மெழுகுவர்த்தி ஏத்தி வைங்க."

வண்டி கீழ்முனைக்கு வந்துவிட்டது. மற்ற நாலு பேரும் இறங்கி ஒவ்வொருவராக நடந்துபோனார்கள். கடைசி ஆளாக ஞானசெல்வி நின்றாள். அப்போது சொல்லிவிட்டான். குழாயைப் பார்த்தது, மேலே போய் நிறுத்தியது, கொப்பை எடுக்க வேண்டும் என்று நினைத்தது, எடுக்காமல் வண்டியை எடுத்தது, அதிகாரியிடம் பொய் சொன்னது. சங்கிலியம்மாள் பேரை அவன் இழுக்கவில்லை. இதை எனக்குச் சொன்னது அவன் இல்லை, ஞானசெல்விதான்.

அவள் அழவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"எம் மக வண்டி எம்புட்டு நேரங் கழிச்சு வந்துச்சு?"

"பத்து நிமிசம் இருக்கும்க்கா."

"மேல இருந்து இங்கன நடந்து வர?"

"அஞ்சு நிமிசம்."

அவள் தலையை ஆட்டினாள். முன்னால் போனவள் அதற்குள் மேல்முனையை எட்டியிருந்தாள், இவள் தனியாக நடக்க ஆரம்பித்தாள். மேலே போய் அவன் வண்டி வருகிற வரைக்கும் நின்றாள். முன்சீட்டில் ஏறவில்லை, பின்னால் போய் உட்கார்ந்தாள். எட்டு மணிக்குப் பேர் எழுதினார்கள். சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்கிப் போனாள். கல்லறைத் திருநாளுக்கு அவன் போகவில்லை, அவளும் மறுபடி கூப்பிடவில்லை.

இனி வர மாட்டாள் என்றுதான் தவசி நினைத்தான். மறுநாள் ஐந்து மணிக்கு வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். அவனிடம் பேசவில்லை. வாடகையைப் பக்கத்தில் இருப்பவளிடம் கொடுத்து அனுப்புவாள். இறங்கு என்று அவன் சொல்வதற்கு முன்னால் இறங்குவாள். இப்படி ஒரு வருஷம், இரண்டு வருஷம். ஒருநாள் வண்டி பஞ்சராகி என் கடைக்கு வந்தபோது பெண்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏக்கா, அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசுறதில்ல. ஸ்டாண்டுல பத்து வண்டி நிக்கிது, பெறகு எதுக்கு இதுல ஏறுறீக?" என்று கேட்டேன். அப்போதுதான் அந்தக் காலை நடந்ததையெல்லாம் தணிந்த குரலில் சொன்னாள். கடைசியில், "பேசுறதுக்கா வண்டி ஏறுறேன்?" என்று எழுந்து போய்விட்டாள்.

தவசியும் வண்டியை விற்றுவிட்டு வேறு தொழில் பார்க்கலாம் என்று இரண்டு தடவை கிளம்பினான். கடமலைக்குண்டில் மச்சான் வீட்டில் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தான். ஐந்து பேரை வைத்துக்கொண்டு ஓட்டினால் டீசலுக்கே காணாது. ஆனால் அவன் இல்லாத அந்த வாரம் ஞானசெல்வி வேலைக்கே போகவில்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்துவிட்டான்.

இரண்டாயிரத்து ஒன்பது கடைசி. ஞானசெல்விக்கு இளைய மகள் ஒருத்தி உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு மேலே படிக்க வழியில்லாமல் வீட்டில் இருந்த பிள்ளை. அன்று விடியற்காலை என் கடையை நான் சீக்கிரமே திறந்திருந்ததால் பார்த்தேன். தாயும் மகளும் கையில் தூக்குச்சட்டியோடு ஸ்டாண்டுக்கு வந்தார்கள். புது ஜீப்புக்காரர்கள், "இங்கன வாங்க, ஏழரைக்கெல்லாம் தோட்டத்துல விட்டுர்றோம்" என்று கூப்பிட்டார்கள். ஞானசெல்வி ஒவ்வொரு வண்டியாகத் தாண்டி, கடைசியில் நின்ற தவசியின் ஜீப்புக்கு மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். தவசி பானட்டை மூடிவிட்டு ஒதுங்கி நின்றான்.

மகளை ஏற்றி உட்கார வைத்தாள். பிறகு, மூன்று வருஷம் கழித்து, அவன் முகத்தைப் பார்த்துப் பேசினாள்.

"இவ புதுசு. அங்கன எறங்குனதும் யாரோடயும் சேந்து நடக்கக் கூடாதுன்னு நீங்களே சொல்லிருங்க. நான் சொன்னா கேக்க மாட்டா."

"சரிக்கா," என்றான் தவசி.